பீட்ரூட் சிவப்பு

சாயம் போய்விட வேண்டும் என்று சாமி கும்பிட்ட சாயக்காரனை நீங்கள் பார்த்ததுண்டா?

சாவித்திரி பார்த்திருக்கிறாள். ஆரணியில், தொண்ணூற்றேழு தை மாதம். அந்தச் சாயக்காரன் அவள் புருஷன் தருமன்.

இன்றைக்கும் பீட்ரூட் அரிய உட்கார்ந்தால் அந்தச் சாயங்காலம் வந்துவிடுகிறது.

இரண்டாவது கருவும் தங்காமல் போனபோது, உடம்பில் ரத்தமே இல்லை, பீட்ரூட் கொடுங்கள் என்றார் நர்ஸம்மா. தருமன் விதை வாங்கிவந்து தோட்டத்தில் போட்டான். சாயத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடாமல் வரப்பு கட்டினான். கடையிலேயே கிடைக்கிறதே என்றால், "கடைக்காரன் உனக்காவா வளக்கிறான்?" என்பான்.

தையில் பிடுங்கினார்கள். எலுமிச்சம்பழ அளவில் ஏழு. அவளுக்கு அப்போது மறுபடியும் மூன்றாவது மாதம். பொரியல் மொத்தத்தையும் அவள் தட்டிலேயே தள்ளினான்.

சாயங்காலம் பாத்ரூமிலிருந்து கூப்பிட்டாள். வெள்ளை மக்கில் சிறுநீர் சிவப்பாக இருந்தது.

முன்பு இரண்டு தடவையும் இப்படி ஒரு சிவப்பில்தான் ஆரம்பித்தது.

தருமன் எட்டிப் பார்த்தான். எத்தனையோ சிவப்பை நூலில் ஏற்றியவன். இது எந்தச் சிவப்பு என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"வலிக்குதா?"

"இல்லங்க."

உள்ளே போய் வெள்ளைப் பட்டுநூல் ஒரு இழை எடுத்துவந்து மக்கில் முக்கினான்.

"கருமம்! இன்னா பண்றீங்க?"

"சும்மா இரு. ரத்தம்னா காஞ்சதும் கருத்துப்பூடும், அலசினாலும் போவாது. தறியில வெரலு கிழிச்சிக்கினு எத்தினி பேரு பொடவைய பாழாக்கிக்கிறான்? நம்ம பீட்ரூட்டுன்னா நிக்காது. கருத்துதுன்னா மொத பஸ்ஸுல வேலூரு ஆஸ்பத்திரி."

கொடியில் இழையைக் கட்டினான்.

தருமன் போட்ட சாயம் போகாது என்று ஊரில் பேர். ஒவ்வொரு சாயக் கொப்பரை இறக்கும்போதும், நிற்கணும் தாயே என்று கும்பிடுவான். அன்று கொடியைப் பார்த்துக் கும்பிட்டான்.

"போயிடணும் தாயே."

மறுநாள் காலை கிணற்றடியில் உட்கார்ந்து இழையை அலசினான். சாயம் போய்விட்டது.