முதல் கிண்ணத்துக்குப் பதக்கம்

சீனாவின் மெங்ஹாய் ஊர்ச் சந்தையில், புளிக்கவைத்த தேநீருக்கான போட்டி. பதக்கம் கிடைத்தால்தான் யூ ஹானின் கடை பிழைக்கும். அவள் கணவன் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

நடுவர் லுவோ பட்டுச்சட்டை சரசரக்க வந்தார். மேசையிலிருந்த கிண்ணத்தை எடுத்துக் கண்மூடி உறிஞ்சினார்.

“ஐயா, அது வந்து...”

“பேசாதேம்மா! முப்பது வருஷம் புளிச்ச இலை. குடலெல்லாம் சுத்தமாகுது. கொழுப்பு கரையுற சத்தம் எனக்கே கேக்குது!”

அவள் அவசரமாக அடுத்த கிண்ணத்தை நிரப்பி நீட்டினாள். ஒரு வாய் குடித்து உதட்டைப் பிதுக்கினார்.

“இது சுமார்தான். முதல்ல குடிச்சதுக்குத்தான் தங்கப் பதக்கம்!”

அவர் பதக்கத்தை மாட்டிவிட்டு நகர்ந்ததும் கணவன் கிசுகிசுத்தான். “முப்பது வருஷச் சரக்கு நம்மகிட்ட ஏதுடி?”

“சரக்காவது! தூசி போக இலையை அலசின தண்ணி. நான் கீழே கொட்டுறதுக்குள்ள குடிச்சுட்டாரு.”