பத்தில் ஒரு யூனிட்

“4827 புள்ளி நாலு!” என்று வாசலில் நின்று மீட்டரைப் படித்துச் சொல்லிவிட்டு, யோகாம்பாள் ஆறு மணிக்குச் சந்தைக்குக் கிளம்பினாள். கணவர் இளவழகன் வழக்கம்போல் அதைக் காலண்டர் தாளில் எழுதினார். ஏழு மணிக்கு அவள் திரும்பியபோது, ஹீட்டர் கம்பி போட்ட வாளிக்குள் கைவிட்டபடி அவர் கிடந்தார். அவள் கூச்சலைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து ஃபியூஸைப் பிடுங்கினார்.

மூன்றாம் நாள், துக்கம் கேட்க வந்தவர்கள் நடுவில் நாத்தனார் தில்லைநாயகி சத்தம் போட்டாள். “ஹீட்டரைப் போட்டுட்டு மகாராணி ஊர் சுத்தப் போயிட்டா. என் தம்பியைக் கொன்னவ இவதான்!”

யோகாம்பாள் காலண்டர் தாளை நீட்டினாள். “அண்ணி, இது உங்க தம்பி கையெழுத்து. நான் போறப்போ புள்ளி நாலு. ஃபியூஸைப் பிடுங்கினப்போ புள்ளி அஞ்சு. ஆயிரத்தைந்நூறு வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடியிருந்தா ஒன்றரை யூனிட் ஏறியிருக்கும். ஏறினது பத்துல ஒண்ணு. அதுக்கு நாலு நிமிஷம் போதும். நான் போடல. அவரே போட்டுட்டு, சூடாச்சான்னு கையை விட்டிருக்கார்.”

தில்லைநாயகி தாளை வாங்கிப் படித்தாள்.

“அப்போ நீ வர்றதுக்கு நாலு நிமிஷம் முன்னாடி வரைக்கும் என் தம்பி நல்லாத்தான் இருந்திருக்கான். அந்த நாலு நிமிஷம் நீ எங்கடி நின்னே?”

யோகாம்பாள் அப்போது தெருமுனையில், கொசுறுக் கறிவேப்பிலைக்காக வண்டிக்காரரோடு மல்லுக்கு நின்றிருந்தாள். அவள் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பயத்தில் ஃபியூஸை யாரும் திரும்பப் போட்டிருக்கவில்லை. வாசலில் மீட்டர் 4827.5 என்றே காட்டிக்கொண்டிருந்தது.