அழட்டும் விடு

குழந்தை வீறிட்டு அழுதது. கண் மட்டும் காய்ந்து கிடந்தது. அதுதான் நர்ஸ் ஜெசிந்தாவை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போன பிள்ளைக்கு அழுதாலும் கண்ணீர் வராது. காலையிலிருந்து உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டியாகிவிட்டது. அது உடம்பில் தங்கியதா என்பதை இனி அந்தக் கண்தான் சொல்ல வேண்டும். ஒரு கட்டிலில் ஊசி போடுவாள், இன்னொன்றில் கட்டுப் பிரிப்பாள், பாதியில் ஓடி வந்து அந்த முகத்தையே குனிந்து பார்ப்பாள். வரும்போதெல்லாம் தாய் முத்துப்பேச்சி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அடக்காதம்மா. அழட்டும் விடு."

"எப்படி சிஸ்டர் பாத்துக்கிட்டு இருக்க? புள்ளைக்குத் தொண்டையே கட்டிப் போச்சு."

"கட்டட்டும். படுக்கப் போடு. முந்தானையால முகத்தத் துடைக்காத."

"உங்களுக்கென்ன, பெத்தவளுக்குல்ல தெரியும்" என்று முத்துப்பேச்சி பிள்ளையைக் கிடத்தி, அதன்மேல் கவிந்துகொண்டாள்.

அடுத்த முறை வந்தபோது அழுது ஓய்ந்திருந்த குழந்தையின் கன்னத்தில் ஒரு சொட்டு மினுங்கியது. "வந்துருச்சு!" என்று ஜெசிந்தா வாய்விட்டுக் கத்தி நிமிர்ந்தாள். முத்துப்பேச்சியின் மூக்கு நுனியில் இன்னொரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

பஞ்சை எடுத்துக் குழந்தையின் கன்னத்தை ஈரம் போக ஒற்றினாள். பிறகு அதன் உள்ளங்காலை விரலால் சுண்டினாள். குழந்தை வாயைத் திறந்தது.