இனிப்புத் திருடர்

"டாக்டர், இவர் புளுகறாரு! பிஸ்கட் டப்பாவைப் பூட்டி, சாவியை என் கைப்பையிலயே வெச்சிருக்கேன். அப்படியும் சர்க்கரை இறங்கலைன்னா, வெளியில எங்கேயோ வெளுத்துக் கட்டறாருன்னுதானே அர்த்தம்?"

மனைவி பொரிந்து தள்ளினார். பக்கத்து நாற்காலியில் கணவர் குற்றவாளிக் கூண்டில் ஏறியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளைங்க மேல சத்தியமா ஒரு துண்டு இனிப்பு தொடலை டாக்டர்! தினமும் சாயங்காலம் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறா. நான் சொல்றதை யார் நம்பறாங்க?"

சர்க்கரை நோய் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எட்டு புள்ளி நாலு. மாத்திரை, நடை, சாப்பாடு, எதிலும் குறையில்லை. அடுத்த முறையும் எட்டுக்குக் கீழே வராவிட்டால் இன்சுலின் ஊசிதான். ஊசி என்றாலே மனிதர் அலறுவார். டாக்டருக்கே பாவமாக இருந்தது.

எதற்கும் பார்ப்போமே என்று டார்ச்சை எடுத்தார். "எங்கே, ஆ காட்டுங்க."

ஈறு முழுக்க வீங்கிச் சிவந்து கிடந்தது.

"பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?"

கணவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். "ஒரு... ரெண்டு வருஷமா வருது டாக்டர்."

"அட, அப்ப இவரைச் சந்தேகப்படாதீங்கம்மா! ஈறுல கிருமி குடித்தனம் நடத்துது. அது உள்ளே இருக்கற வரைக்கும் உடம்புல சுரக்கற இன்சுலின் ஒழுங்கா வேலை செய்யாது, சர்க்கரை அடம் பிடிக்கும். முதல்ல ஒரு நல்ல பல் டாக்டர்கிட்ட காட்டுங்க. ஊசியை அப்புறம் பார்த்துக்கலாம்."

அதுவரை மூச்சுவிடாமல் பேசிய மனைவி அவசரமாகக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து இருவரும் திரும்ப வந்தார்கள். ஏழு புள்ளி எட்டு!

"ஊசி கிடையாது!" என்றார் டாக்டர்.

கணவர் எழுந்து நின்று கைதட்டியே விட்டார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அநியாயமா உங்களைத் திருடனாக்கிட்டேனே!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "இவ்வளவு அருமையா ஈறைச் சுத்தம் பண்ணின கைராசிக்காரர் யாருங்க? என் பேஷண்ட் எல்லாரையும் அங்கேயே அனுப்பிடறேன்."

கணவர் பெருமையாக மனைவியின் தோளைத் தட்டினார்.

"சாட்சாத் இவதான்! இருபது வருஷமா ஊர்ல உள்ள வாயையெல்லாம் திறந்து பார்க்கற பல் டாக்டர். என்கிட்ட மட்டும் இத்தனை நாளா 'வாயை மூடுங்க'ன்னே சொல்லிக்கிட்டிருந்தா!"