ஏழாம் நம்பர் கடை

“மறைச்சுட்டீங்கல்ல? என்கிட்டயே மறைச்சுட்டீங்கல்ல!”

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்திருப்பார். பாவம், சண்டை ஒரு வேரியபிளுக்காக.

பூட்டு அண்ணன் தலையைத் தூக்கவில்லை. புரோகிராம் எழுதினால் எதையாவது பூட்டி வைக்காமல் விடமாட்டார் என்பதால் புள்ளிவிவரப் பிரிவில் அவருக்கு அந்தப் பெயர். ‘பிரைவேட்’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டால் போதும், அந்த வேரியபிள், அதாவது உள்ளே போட்டு வைத்த எண், அவருடைய புரோகிராமின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். வெளியிலிருந்து யார் எட்டிப் பார்த்தாலும் ‘அனுமதி இல்லை’ என்று சிவப்பு எழுத்தில் முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும்.

காலையிலிருந்து அவளுக்கு அந்தப் பதில்தான் வந்துகொண்டிருந்தது.

கம்பெனிக்கு ஊரெல்லாம் கடைகள். தேறாத கடை எது, அதை மூடிவிடலாம் என்று மேனேஜர் கணக்குக் கேட்டிருந்தார். கடைகளின் பெயரை எடுத்துவிட்டு வெறும் நம்பர்களைக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு நம்பருக்கும் மதிப்பெண் போடுவது அண்ணனின் புரோகிராம். அது எப்படி வந்தது என்று ரிப்போர்ட் போடுவது அவளுடைய வேலை.

எல்லாம் சரியாக வந்தது. ஏழாம் நம்பர் கடைக்கு மட்டும் அவள் போட்ட கணக்கும் அவருடைய கணக்கும் இடித்தன. நடுவில் ‘திருத்தம்’ என்று ஒரு வேரியபிள் புகுந்து என்னவோ செய்கிறது. அதைத்தான் மனுஷன் பூட்டி வைத்திருந்தார்.

“அதைத் திறந்து விடுங்கண்ணே. ரிப்போர்ட் பாதியில நிக்குது.”

“முடிவை மட்டும் காட்டும்மா. அதை நோண்டாத.”

“சாயங்காலத்துக்குள்ள முழுசா வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னுட்டாரு மேனேஜர். எங்க வீட்டுக்காரருக்கு வேலை போனது உங்களுக்குத் தெரியாதா? என் ஒருத்தி சம்பளத்துலதான் வீடு ஓடுது.”

“தெரியும். அதனாலதான் சொல்றேன், விட்டுடு.”

அதனாலதானாம்! அவளுக்கு நெஞ்சு கொதித்தது. போன வருஷம் பிள்ளை பெற்று லீவு முடிந்து வந்தவள், பாதி வேலை மறந்துபோய்த் திருதிருவென்று விழித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவர் இவர். கூடப் பிறக்காத அண்ணன் என்று வீட்டில் அவள் பெருமையடிக்காத நாள் இல்லை. அந்த அண்ணனா இப்போது வயிற்றில் அடிப்பது?

அண்ணன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பொதுக் கோப்புறையில்தான் அவருடைய புரோகிராம் கிடந்தது. அதைத் திறப்பது தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. போங்கண்ணே, நீங்க மட்டும் ஒழுங்கா என்று திறந்தாள்.

‘திருத்தம்’ என்ற இடத்தில் இருந்ததே ஒரு வரிதான். ஏழாம் நம்பர் கடை போன வருஷம் ஐந்து மாதம் மூடிக் கிடந்திருக்கிறது. அந்த ஐந்தை யாருக்கும் தெரியாமல் சைபராக்கி, கடைசியில் கிடக்க வேண்டிய கடையை நைசாக நடுவில் தூக்கி வைத்திருந்தார்.

அடப்பாவி மனுஷா! அவருடைய மச்சான் கம்பெனிக் கடை ஒன்றில் சூப்பர்வைசர் என்பது அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. விஷயம் விளங்கிவிட்டது. மச்சான் பிழைக்க வேண்டும், அதற்கு இவள் தெருவில் நிற்க வேண்டும்!

அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு ‘பிரைவேட்’ என்ற வார்த்தையை அழித்தாள். சைபரையும் அழித்தாள். புரோகிராம் முணுமுணுக்காமல் ஓடியது, ஏழாம் நம்பர் கடகடவென்று இறங்கிக் கடைசியில் போய் உட்கார்ந்தது.

மேனேஜர் ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

“இது நீயே போட்டதா?”

“முழுக்க நான்தான் சார். ஒரு புள்ளி கூட ஒளிவுமறைவு இல்ல.”

“ம்… சுத்தமான கணக்கு. யாரும் குறை சொல்ல முடியாது” என்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை எடுத்தார். இன்னும் ரெண்டு வார்த்தை பாராட்டினால்தான் என்ன, குறைந்தா போய்விடுவார்?

வராந்தாவில் அண்ணன் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தார். அவள் வழிமறித்தாள்.

“உங்க மச்சான் கடையைக் காப்பாத்த என் பிழைப்புல மண்ணைப் போடப் பாத்தீங்கல்ல? உங்களைப் போய் அண்ணன்னு நம்புனேன் பாருங்க! எல்லாத்தையும் திறந்து குடுத்துட்டேன்.”

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். “மேனேஜர்கிட்டப் போயிடுச்சா?”

“போயிடுச்சு.”

“கடைன்னு ஒண்ணு அதுல கிடையாதும்மா” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. “அத்தனை நம்பரும் நம்ம ஆபீஸ் ஆளுங்க. யாரை வீட்டுக்கு அனுப்பறதுன்னு கணக்கு. வெளிய மூச்சு விட்டா என் சீட்டும் கிழிஞ்சிடும்னு மிரட்டி வச்சிருந்தாரு.”

அவள் வாய் தானாக முணுமுணுத்தது. “அஞ்சு மாசம்…”

அண்ணன் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார்.

“அண்ணே, அப்ப அந்த ஏழாம் நம்பர்?”

“நீதாம்மா.”