கட் ஆகாத இணைப்பு

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் வாடகைக்குப் பிடித்த ஃபிளாட்டில் பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல், பரிதி முதலில் பிராட்பேண்ட் ஏஜெண்டைக் கூப்பிட்டான்.

அவர் கம்பெனி கம்பெனியாக வேகத்தைச் சொன்னார்.

"வேகம் கிடக்கட்டுங்க. எது கட் ஆகாது?"

"ஆபீஸ் வேலையா சார்?"

"பொண்ணுகிட்ட வீடியோல பேசணும். ஞாயித்துக்கிழமை மட்டும்."

"வெளிநாடா? துபாயா, கனடாவா?"

"இல்லங்க, கரந்தை. அவங்க அம்மாகூட இருக்கா. நாலு வயசு."

ஏஜெண்ட் சிரித்துவிட்டார். "இந்தா இருக்கிற கரந்தைதானே! வண்டிய எடுத்தா நேர்லயே பாத்துட்டு வந்துடலாமே சார்?"

"வீடியோல மட்டும்தான் பாக்கணும்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க."

குரல் கொஞ்சமும் நடுங்காதது பரிதிக்கே அந்நியமாக இருந்தது.

"அரை மணி நேரம் தருவாங்க. நடுவுல கட் ஆனா, அடுத்த ஞாயிறுதாங்க."