அதே வரியில் ஓர் இருமல்

பல் டாக்டருக்கு ராக் இசை என்றால் உயிர். அவர் மனைவிக்கு அது தகர டப்பாவை உருட்டுகிற சத்தம். கல்யாணத்துக்கு முன்பு, கோட்டுக்குள் டேப் ரெக்கார்டரை ஒளித்து எடுத்துப்போய் ஒரு கச்சேரியைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்திருந்தார். மெதுவான பாட்டின் நடுவே அவருடைய இருமலும் அதில் விழுந்துவிட்டது. அதே கச்சேரியை இப்போது கம்பெனியே இசைத்தட்டாக வெளியிட்டிருந்தது. மேடை மைக்கில் பிடித்த பதிவு.

"இதுல உங்க லொக்கு லொக்கு இருக்காது, நிம்மதியாக் கேளுங்க," என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

இருந்தது. அதே வரியில்தான் வந்தது. ஆனால் அந்த வயதின் இருமல் இல்லை. போன மாதம் பிடித்து இன்னும் விடாத, சளி கட்டிய இருமல். அதைத் தொடர்ந்து நாற்காலி சாயும் சத்தம். பிறகு ஒரு பெண், "என்னங்க... என்னங்க! கண்ணைத் திறங்க!" என்று அலறினாள். கூட்டம் கைதட்டியது.

மனைவியின் கையிலிருந்த சட்டை நழுவியது.

"அது என் குரலுங்க."

"அப்போ உன்னை நான் பாத்ததுகூட இல்லையே," என்றார் டாக்டர். இசைத்தட்டை நிறுத்துவதற்காக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தொண்டை லேசாகக் கமறியது.